கறுப்புக் கோடு போட்ட ஆறு லாச்சி

பூரணி செத்து மூன்று மாதமாகியும் சுதாகரன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பீலியில் தண்ணீர் பிடிக்க நிற்கிற பெண்கள் அதைப் பேசாத நாளில்லை. பாவம் மனுசன், உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சாகிறான் என்றார்கள் சிலர். கல்நெஞ்சுக்காரன் என்றார்கள் சிலர். பேசுகிற வாய்க்குப் பூட்டா போட முடியும்? அவன் காதிலும் அது விழத்தான் செய்தது. விழுந்தது, அவ்வளவுதான்.

பொண்டாட்டி மேல் பிரியம் இல்லாதவனா என்றால், அதுவும் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை ‘பூரணி’ என்று கூப்பிடாவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது. பனியன் எங்கே பூரணி, சீப்பு எங்கே பூரணி, நான் எதற்கு எழுந்து வந்தேன் பூரணி என்று கேட்கிற ஆள். இப்போது பனியனும் சீப்பும் கூப்பிடாமலே கிடைத்தன. மகள் தனுஜா, உயர்தரம் படிக்கிற பிள்ளை, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். அவன் குளித்தான், சாப்பிட்டான், பஸ் ஏறினான். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் ஒரு மாதிரி இருக்குமே, அவனுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கிள்ளினால் தெரியும், வலிக்காது.

மாசி மாதம் ஒரு பின்னேரம் மடுவத்தில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஏழாம் நம்பர் மலைக்கு அப்பால் ஓடைப்பக்கம் விறகு பொறுக்கப் போனாள் பூரணி. அங்கே குளவிக்கூடு கலைந்து அவளைக் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வேலை முடிந்து சொந்தக் காரியமாகப் போனவள், நட்டஈடு கிடையாது என்று தோட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். தொழிற்சங்கத்து ஆள் வந்து அதை எதிர்த்துப் பேசலாமா என்று கேட்டபோது, விறகுக்குப் போனது உண்மைதானே என்று சொல்லி அனுப்பிவிட்டான் சுதாகரன்.

லிந்துலை டவுனில் மஃறூப் நானாவின் தளபாடப் பட்டறையில் அவன் கோடு போடுகிறவன். கோடு என்றால் பெயிண்டில் தோய்த்து இழுக்கிற கோடு இல்லை. நல்ல அலுமாரிக் கதவிலும் மேசை ஓரத்திலும் தீக்குச்சி அகலத்தில் கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று ஓடுமே, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மேடு பள்ளம் தெரியாமல், அது. அதை மரத்திலேயே செய்து மரத்துக்குள்ளேயே புதைக்க வேண்டும். பார்க்கிறவன் யாரோ வரைந்தது என்று நினைத்துவிட்டுப் போய்விடுவான். அதற்குப் பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

கொழும்பிலிருந்து வெள்ளை வெனியர் வரும், அட்டையைவிட மெல்லிய மரத்தாள். அதில் ஒரு பங்கை வெள்ளையாகவே வைத்துக்கொண்டு மற்றதைக் கறுப்பாக்க வேண்டும். பிறகு கறுப்பு, நடுவில் வெள்ளை, மறுபடி கறுப்பு என்று பசை தடவி அடுக்கி, இரண்டு தடித்த பலகைக்கு நடுவே வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். எடுத்தால் மூன்றும் ஒரே பலகை. அதன் ஓரத்திலிருந்து மெல்லிய வாளால் குச்சி குச்சியாக அறுக்க வேண்டும். பாதி மரம் வாளில் தூளாகவே போய்விடும், அதற்கு அழுதால் வேலை நடக்காது. ஒரு இரும்புத் தகட்டில் அரத்தால் சின்னதாக வெட்டுப் போட்டு வைத்திருந்தான் சுதாகரன். குச்சியை அதற்குள் விட்டு இழுக்க இழுக்க மயிர் மயிராக உதிர்ந்து, கடைசியில் எல்லாக் குச்சியும் ஒரே கனத்துக்கு வரும். அப்புறம் லாச்சியின், அதுதான் இழுத்துத் திறக்கிற அறையின், முகத்தில் அதே அகலத்துக்குப் பள்ளமாகக் காடி கீறி, பசை விட்டு, குச்சியை வைத்து, சுத்தியல் தலையால் அமுக்கித் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். காய்ந்த பிறகு சீவி மட்டமாக்கினால் கோடு.

இதில் கறுப்புதான் விசயமே. கடைச் சாயம் மேலோடு பிடிக்கும், சீவினால் உள்ளே வெள்ளை பல்லைக் காட்டும். சுதாகரன் போடுகிற கறுப்பு உள்ளே வரைக்கும் இறங்கிய கறுப்பு. தேயிலைச் சாயத்தில் ஊறிய மரத்தைத் துருப்பிடித்த ஆணி கிடந்த வினாகிரியில் முக்கினால் கறுக்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு. அதை அவன் பதினோரு வருசமாகச் சொல்லாத ஆளில்லை. எங்கள் தோட்டத்தில் ஆட்களுக்கு மாதாமாதம் கொடுக்கிற தூள், அது கடையில் கிடைக்காது, அதில்தான் இந்தக் கறுப்பு இருக்கிறது என்று கொட்டகலையிலிருந்து மேசை வாங்க வந்தவனைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்லியிருக்கிறான்.

சொல்வதுதான் அவன். செய்வது பூரணி. காலையில் அவன் ஆறரை பஸ்ஸுக்கு ஓடிவிடுவான். வாசல் இஸ்தோப்பு மூலையில் மூடி போட்ட ஒரு நீல வாளியும், அதற்குப் பக்கத்தில் தூள் டின்னும் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து அவன் வேலை முடிந்து வரும்போது கறுப்புத் தாள்கள் கொடியில் துணி மாதிரி தொங்கும். அவன் ஒன்றை எடுத்து முனையைக் கிள்ளிப் பார்த்து, நம்ம தூள் தூள்தான் என்பான். பூரணி வாயைத் திறக்க மாட்டாள்.

இந்த வருசம் தொடக்கத்தில் மஃறூப் நானா தன் மகள் ரினோஸாவின் கலியாணத்துக்கென்று ஒரு லாச்சி அலுமாரி செய்யச் சொன்னார். மஹோகனியில், ஆறு லாச்சி, ஒவ்வொன்றின் முகத்திலும் சுற்றிவரக் கோடு. சுதாகரன் ஆறு லாச்சியையும் ஒரே மூச்சில் செய்து முடித்தான். ஆறும் ஒரே அளவு. எதை எந்த இடத்தில் தள்ளினாலும் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். லாச்சிக்குப் பின்னால் நம்பர் போட்டு வைப்பது கையில் நம்பிக்கை இல்லாதவன் வேலை என்று பாலிஷ் போடுகிற ஹஸ்ஸானிடம் சவால் விட்டான். ஹஸ்ஸான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத் தோற்றேன் என்று ஒரு ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தான்.

நாலு லாச்சிக்குக் கோடு போட்டு முடிந்தபோது கறுப்புத் தாள் தீர்ந்துவிட்டது. இரண்டு லாச்சிக்கு இன்னும் வேண்டும் என்று பூரணியிடம் சொல்லி வைத்தான். அந்தக் கிழமைதான், ஏழு நாள்கூட ஆகவில்லை, அவள் செத்தது.

கருமாதி முடிந்து பட்டறைக்குத் திரும்பியதும் தானே கறுப்பாக்கிப் பார்த்தான். தூளைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தாளை ஊறப்போட்டு, துருத்தண்ணீரில் முக்கினான். வெல்லம் மாதிரி வந்தது. தூளை இரண்டு மடங்கு போட்டான். கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் வந்தது. மூன்றாவது முறை மூன்று நாள் ஊறவிட்டான். சாம்பலும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் சிலேட்டு மாதிரி ஒன்று வந்தது, பழைய லாச்சிக்குப் பக்கத்தில் வைத்தால் வேறு வீட்டுப் பிள்ளை என்று பளிச்சென்று தெரிந்தது. ஆணியை மாற்றினான், வினாகிரியை மாற்றினான், வாளியைத் தேய்த்துக் கழுவினான். மாதத் தூள் முழுக்கத் தீர்ந்து, தனுஜா பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கித் தேத்தண்ணி போட்டாள்.

சலிப்பு வந்ததா என்றால் அதுவும் வரவில்லை. ஒரு நாள் வெனியர் வெட்டும்போது கத்தி இடது கைப் பெருவிரலில் இறங்கிவிட்டது. அவன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருந்தான். வெள்ளைத் தாளெல்லாம் ரத்தமாவதைப் பார்த்து ஹஸ்ஸான்தான் ஓடிவந்து கையைப் பிடித்தான். தாள் வீணாகப் போச்சே என்று மட்டும் சொன்னான் சுதாகரன்.

வைகாசி பிறந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த அடுத்த கிழமை கலியாணம். மஃறூப் நானா கெட்ட மனுசனில்லை. பூரணியை அடக்கம் பண்ணின அன்று கடையைப் பூட்டிவிட்டு லயத்துக்கு வந்து, கடைசி வரை மழையில் நின்றவர். அவர் மூன்று கறுப்பையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தார், பழைய லாச்சியையும் பார்த்தார், பிறகு சுதாகரனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“சுதாகரன், ஒன்னு சொல்றேன், மனசுல வெச்சிக்காதீங்க. பாதி ஒரு கறுப்பு, பாதி இன்னொரு கறுப்புன்னு மவள்ட வீட்டுக்கு அனுப்ப ஏலாது. கொழும்பில ரெடிமேட் கோடு இருக்கு. நாலு லாச்சியிலயும் இருக்கிறதத் தோண்டி எடுத்துட்டு ஆறுக்கும் அதையே போட்டுருவோம்.”

சுதாகரன் சரிங்க நானா என்றான். அவனுக்கு இப்போதெல்லாம் எதற்கும் அதுதான் பதில்.

முதல் லாச்சியை எடுத்து மேசையில் வைத்தான். மெல்லிய உளியைக் கோட்டின் முனையில் ஊன்றினான். சுத்தியலைத் தூக்கினான். தூக்கிய கை தூக்கியபடி நின்றது. கீழே வா என்று அவன் சொன்னான்தான், அது வரவில்லை. இறக்கி வைத்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து மறுபடி தூக்கினான். மறுபடியும் அதே கதை.

அப்போதுதான் அவனுக்குக் கணக்குப் பிடிபட்டது. பூரணியின் சேலையெல்லாம் கருமாதியோடு ஆளுக்கொன்றாகப் போய்விட்டது. கொழுந்து எடுக்கும்போது கட்டுகிற படங்கும் கூடையும் வேறு ஒருத்தி இடுப்பிலும் முதுகிலும் இருந்தது. இதற்கு முன்னே போட்ட கோடெல்லாம் மேசையாகவும் அலுமாரியாகவும் எந்தெந்த ஊருக்கோ போய்விட்டது, கேட்டு வாங்க முடியாது. அவள் கையால் ஆகி, இன்னும் கெடாமல், அவன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பது இந்த நாலு லாச்சியின் கறுப்பு மட்டும்தான். அதைத் தோண்டிக் குப்பையில் போடத்தான் அவன் உளியைத் தூக்கியிருந்தான். அவனுக்குத் துக்கம் வரவில்லை. ஆனால் இதைச் செய்ய மாட்டேன் என்று மட்டும் தெரிந்தது. மூன்று மாதத்தில் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே விசயம் அது. நானாவிடம் போய் ஒரு கிழமைத் தவணை கேட்டான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நானா கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தனுஜாவைக் கூப்பிட்டு, அம்மா ஒரு வாளிக்கு எத்தனை கரண்டி தூள் போடுவாள் என்று கேட்டான். பிள்ளை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

“தூளா? தூள் குடிக்கவே பத்தாதேப்பா. அம்மா ஏதோ எலதான் இடிச்சு ஊறப்போடுவாங்க. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். எங்கருந்து கொண்டு வருவாங்கன்னு லெட்சுமி அத்தையத்தான் கேக்கணும்.”

பதினோரு வருசம். ஊரெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்ன பெருமை, வாளிக்குப் பக்கத்தில் சும்மா வைத்திருந்த டின்னைப் பார்த்து வந்தது. முன்னே என்றால் அவன் குதித்திருப்பான், பூரணி என்று அடி வயிற்றிலிருந்து கத்தியிருப்பான், அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பாள். இப்போது, அப்படியா என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு லெட்சுமி வீட்டுக்குப் போனான்.

லெட்சுமி பூரணியோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள். சாவு வீட்டில் விழுந்து புரண்டு அழுதவள், அதற்குப் பிறகு சுதாகரன் எதிரே வந்தால் வேறு படிக்கட்டில் இறங்கிப் போய்விடுவாள். அவன் அதையும் கவனித்ததில்லை. அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்து ராத்திரிக் கறிக்குப் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் விசயத்தைச் சொன்னான். கோடு, நாலு லாச்சி, ஒரு கிழமைத் தவணை எல்லாம் சொல்லி, பூரணி என்ன இலை போடுவாள் என்று கேட்டான். லெட்சுமி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

“தூள்ல கறுப்பு ஏறாதுண்ணே. மொத வருசமே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. கைவிட்டுப்போன மலையில தேயில மரமா வளந்து நிக்குதுல்ல, அதோட முத்தல் எலதான். ஒங்ககிட்ட சொன்னா தோட்டத்து எலய எடுக்குறியா, கண்டாக்கு பாத்தா மானம் போயிரும்னு சத்தம் போடுவீங்க. அதான் சொல்லல.”

அவன் கைவிட்ட மலை எந்தப் பக்கம் என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் அப்படிக் கிடப்பது ஓடைப்பக்கம் ஒன்றுதான்.

“வெறகுக்குப் போனான்னு நான்தாண்ணே சொன்னேன்,” என்றாள் லெட்சுமி. “எல பறிக்கப் போனான்னா செத்தவளுக்குத் திருட்டுப் பேரு வந்துரும். ஒங்களுக்கும் தெரிய வேணாம்னு நெனச்சேன். நாளைக்கு ரெண்டு பேருமா போவோம்டின்னு சொன்னேன். அவதான் கேக்கல. அந்த மனுசனுக்கு இன்னும் ரெண்டு லாச்சி பாக்கி இருக்காம்டின்னுட்டுப் போனா.”

சொல்லிவிட்டு லெட்சுமி அழுதாள். சுதாகரன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சநேரம் கழித்து, சரி தங்கச்சி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். சரியாம்! என்ன சரி? கட்டினவள் தன் வேலைக்கு இலை பறிக்கப் போய்ச் செத்தாள் என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்கிறாள், இந்த மனுசன் சரி என்கிறான். லெட்சுமியே அதைப் பிறகு தனக்குத்தானே சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். ஆனால் அன்று அவனுக்கு வந்த வார்த்தை அது ஒன்றுதான். சோறு தின்றான், படுத்தான், தூங்கவும் செய்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். ஏழாம் நம்பர் மலையைத் தாண்டி ஓடைப்பக்கம் இறங்கினான். கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை, ஆள் உயரத்துக்கு மேல் மரமாக நின்றது. குளவிக்கூடு இருந்த சவுக்கு மரத்தைத் தோட்டத்து ஆட்கள் எப்போதோ தீ வைத்து எரித்திருந்தார்கள், அடிமரம் பாதி வரைக்கும் கரி. அதற்குப் பத்தடி தள்ளி ஒரு உரப்பை கிடந்தது. வாய் கட்டியிருந்தது. அவிழ்த்தான். உள்ளே மூன்று மாத மழையில் ஊறி அழுகி, சேறாகிப்போன இலை, முக்கால் பை இருந்தது.

இவ்வளவு போதுமாக இருந்திருக்கும் என்று நினைத்தான். இரண்டு லாச்சிக்கு இதில் பாதியே போதும். பையைக் கவிழ்த்துக் கொட்டினான். பை நல்ல பைதான், எங்கும் கிழியவில்லை. ஓடையில் போட்டு அலசி, உதறி, அதிலேயே முற்றின இலையாகப் பார்த்துப் பறித்துப் போட ஆரம்பித்தான். மேலே ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா. அங்கே என்ன நடக்கிறது என்று சத்தமாகக் கேட்டார். அந்தக் குரலுக்கு ஒரு காலத்தில் சுதாகரன் ஓடி வந்து கைகட்டி நிற்பான். எல பறிக்கிறேங்க என்று நிமிராமலே சொன்னான். ஐயா அவனைப் பார்த்தார், எரிந்த மரத்தைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இலையை உரலில் போட்டு இடித்து நீல வாளியில் ஊறவைத்தான். இரண்டு நாள் தாளைப் போட்டு வைத்தான். மூன்றாம் நாள் துருத்தண்ணீரில் முக்கியதும், அவன் கண்ணெதிரே மரம் இருண்டது. அவசரமே இல்லாமல், மூலையிலிருந்து உள்ளே போய், முழுத் தாளும் கறுப்பாகிவிட்டது. முனையைக் கிள்ளிப் பார்த்தான், உள்ளேயும் கறுப்பு. அவன் விரலும் கறுத்துவிட்டது. நகக்கண் வரைக்கும் ஏறிய கறை, சவர்க்காரத்துக்குப் போகவில்லை. பூரணியின் விரல்களும் இப்படித்தான் இருந்தன. கொழுந்து எடுக்கிறவள் விரல் வேறு எப்படி இருக்கும் என்று பதினோரு வருசமும் அவன் நினைத்திருந்தான்.

அதற்குப் பிறகு வேலை தானாக நடந்தது. அடுக்கினான், இறுக்கினான், அறுத்தான், தகட்டில் விட்டு இழுத்தான். இரண்டு லாச்சிக்கும் காடி கீறிக் கோட்டைப் பதித்தான். மூலையில் இரண்டு கோடு சந்திக்கிற இடத்தில் கறுப்போடு கறுப்பும் வெள்ளையோடு வெள்ளையும் முட்ட வேண்டும், அதில் மயிரிழை பிசகினாலும் கண்ணில் குத்தும். எட்டு மூலையும் முட்டியது. சீவி மட்டமாக்கி, ஆறு லாச்சியையும் ஹஸ்ஸானிடம் கொடுத்தான். ஹஸ்ஸான் தேய்த்துப் பாலிஷ் போட்டு, காய வைத்து, மறுபடி போட்டான். அதற்கு ஆறு நாள் போனது. அந்த ஆறு நாளும் சுதாகரன் வேறொரு மேசைக்குக் கால் கடைந்துகொண்டிருந்தான்.

வியாழக்கிழமை லொறி வந்தது. மஃறூப் நானா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அலுமாரிக்கு முன்னால் நின்றார். ஒவ்வொரு லாச்சியையும் விரலால் தடவினார், குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எது பழசு, எது புதுசுன்னு எனக்கு வெளங்குதில்ல சுதாகரன். சத்தியமா வெளங்குதில்ல.”

சுதாகரனுக்கு நிம்மதியாக இருந்தது. பூரணியின் கோட்டை இனி யாரும் தோண்ட மாட்டார்கள். லொறியில் ஏற்றுவதற்கு முன்னே அவளுடைய நாலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. போய் மேல் லாச்சியை இழுத்தான். பார்த்தான். அடுத்ததை இழுத்தான். முதலில் கோடு போட்ட நாலையும் மேலே வரிசையாகப் போட்டது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் பாலிஷுக்கு ஆறையும் வெளியே எடுத்தார்களே. ஹஸ்ஸானைக் கேட்டான். ஹஸ்ஸான் சிரித்துக்கொண்டே, கையில் கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் போட்டேன், நம்பர் போடுகிறவன் கையில் நம்பிக்கை இல்லாதவன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான்.

சுதாகரன் ஆறு லாச்சியையும் உருவித் தரையில் அடுக்கினான். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். முகர்ந்து பார்த்தான், எல்லாவற்றிலும் பாலிஷ் வாசனை. கோட்டில் விரலை வைத்து ஒன்றொன்றாகச் சுற்றிவரத் தடவினான். மூலையைப் பார்த்தான், எல்லா மூலையும் முட்டியிருந்தது. இரண்டாவதை எடுத்து முதலாவது இடத்தில் வைத்தான், நாலாவதை எடுத்துத் தனியே வைத்தான், திருப்பி எடுத்தான். எல்லாம் ஒரே கறுப்பு. அவன் செய்தது எது, அவள் செய்தது எது என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு லாச்சியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தூளில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நானா பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து, என்ன சுதாகரன், கோட்டில் ஏதும் பிழையா என்று கேட்டார்.

“பெழ ஒன்னும் இல்லைங்க நானா,” என்றான். “இதுல நாலு எம் பொஞ்சாதியோடது. எதுன்னு தெரியல.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து வந்தது. பூரணி, பூரணி என்று, பனியனைத் தேடிக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதான். ஹஸ்ஸான் சிரிப்பை விட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றான். வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். நானா வாசலுக்குப் போய், கொஞ்சம் பொறு என்று அவனிடம் சிங்களத்தில் சொன்னார்.